ஸ்கான் நோர்மல் என்றாலும் மரபணுக் காரணம் இருக்கலாம்

பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, எம்.ஆர்.ஐ. மூளை ஸ்கான் நோர்மல், அப்படியென்றால் மரபணுக் காரணம் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கான் நோர்மல் என்பதால் மரபணுக் காரணம் இல்லை என்று ஆகாது. ஸ்கான் மூளையின் அமைப்பைத்தான் காட்டும். நரம்புக் கலத்துக்குள் சோடியம் போகும் நுண்ணிய வாசலில் உள்ள பிழை அதில் தெரியாது.

ஆறு மாத வயதில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, ஒருமுறை இடக்கை, மறுமுறை வலக்கை, சுடுதண்ணீர் வார்த்தாலும் வருகிறது, கார்பமசெபின் என்ற வலிப்புக் குளிசை தொடங்கியபின் கூடிவிட்டது என்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது டிராவே நோய், குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஒரு கடும் வலிப்பு நோய். பெரும்பாலும் அந்தச் சோடியம் வாசலுக்கான எஸ்சிஎன்1ஏ மரபணுவில் வரும் மாற்றம்தான் காரணம், 2001இல் கண்டுபிடித்தார்கள். கார்பமசெபின் இதில் வலிப்பைக் கூட்டக்கூடியது.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று கேட்டிருந்தீர்கள். அநேகமான பிள்ளைகளில் இது புதிதாக உண்டாகும் மாற்றம். தாயின் பிழையும் இல்லை, தகப்பனின் பிழையும் இல்லை. மாமியார் வேறு எதைச் சொன்னாலும் மனதில் எடுக்க வேண்டாம்.

அடுத்த வலிப்பை ஃபோனில் வீடியோ எடுங்கள். கிளினிக் கொப்பியில் திகதி, காய்ச்சல் அளவு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எங்கள் மகளுக்கு டொக்டர் முதலில் பார்த்தது அந்தக் கொப்பியைத்தான். கொழும்பு ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியின் சிறுவர் நரம்பியல் கிளினிக்கில் காட்டி, மரபணுச் சோதனை தேவையா என்று நேரே கேளுங்கள்.

குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென விட்டால் ஆபத்து. டொக்டரிடம் இன்றே பேசுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.