தொண்டைக்கு ஓய்வு வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

கே: அப்பாவுக்கு அடிநாக்கில் புற்றுநோய். 35 முறை கதிர்வீச்சு கொடுத்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. சாப்பாடு மூக்குக் குழாயில்தான். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தொண்டை நன்றாக ஆறிய பிறகு வாயால் கொடுத்தால் போதுமா?
– வாசகி, திருச்சி

காத்திருக்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட தசை நாளாக ஆக நார் போல இறுகும். வேலை கொடுக்காமல் விட்டால் மெலிந்தும் போகும். அதனால்தான் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே விழுங்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கிறோம். எடை குறையாமல் காப்பது குழாய்தான், அது இருக்கட்டும். குழாய் இருக்கிறதே என்று எச்சில் விழுங்குவதைக்கூட விட்டுவிடுகிறார்களே, அதுதான் தப்பு.

முதலில் விழுங்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டையில் உணர்ச்சி மங்கிவிடுவதால், மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கினாலும் சிலருக்கு இருமலே வராது. அப்பாவுக்கு இருமல் வருகிறதே, அந்த மட்டில் நல்லது. குடித்ததும் குரல் கொழகொழவென்று மாறினாலும், அடிக்கடி காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு எச்சில் போதும். தொண்டை மேட்டில் விரலை வைத்து விழுங்கச் சொல்லுங்கள். மேடு ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். ஏறியதும் இறங்கவிடாமல் 2–3 வினாடி பிடித்து நிறுத்த வேண்டும். முதல் வாரம் பிடிபடாது, பரவாயில்லை. அடுத்தது, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே மெதுவாகக் கடித்தபடி விழுங்குவது. இதை உணவோடு செய்யவே கூடாது. ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. வாய் வறண்டால் நடுவில் ஈரப்பஞ்சால் நனைத்துக்கொள்ளலாம்.

கே: கெட்டியாகக் கொடுத்தால் புரையேறாதாமே? கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா?
– வாசகர், தேனி

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சொல்கிற யோசனை இது. எல்லோருக்கும் பொருந்தாது. அடிநாக்குக்குத் தள்ளும் வலு இல்லாவிட்டால், கெட்டிக் கூழ் தொண்டைப் பள்ளங்களில் தங்கி, பிறகு மூச்சு இழுக்கும்போது உள்ளே விழும். ரசம் சாதம் இன்னும் மோசம்: ரசம் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை பின்தங்கும்.

எந்தப் பதம் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அதை வீட்டில் அளக்க 10 மில்லி சிரிஞ்சு போதும். உள்தண்டையும் ஊசியையும் எடுத்துவிட்டு, கீழ்த்துளையை விரலால் அடைத்து, வடிகட்டிய கஞ்சியை 10 மில்லி ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 வினாடியில் மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை சற்றே கெட்டி. 4 முதல் 8 வரை அதைவிடக் கெட்டி. குடிக்கிற சூட்டில் அளக்க வேண்டும். ஆறினால் கஞ்சி இறுகிவிடும்.

கே: கன்னத்தில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்த அம்மாவுக்கு வாயில் கரண்டிகூட நுழையவில்லை.
– வாசகி, விழுப்புரம்

முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே வாய் இறுகியதாகக் கணக்கு. ஐஸ் குச்சிகளை அடுக்கிக் கட்டி, வலி தொடங்கும் அளவுக்குப் பற்களுக்கிடையே நுழைத்து 30 வினாடி வைத்திருங்கள். ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளுக்கு ஐந்து வேளை. பழகியதும் ஒரு குச்சி கூட்டுங்கள். பல் ஆடினாலோ தாடை எலும்பில் அறுவை நடந்திருந்தாலோ டாக்டர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

கே: வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

கட்டாயம். எச்சிலோடு இறங்கும் வாய்க்கிருமிதான் நுரையீரலில் நிமோனியா உண்டாக்குகிறது. மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை துலக்கிவிடுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் தலா 1 டீஸ்பூன் கரைத்து, அவ்வப்போது கொப்பளித்துத் துப்பட்டும். கொப்பளிக்க முடியாதவருக்கு அதே தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து துடைத்துவிடலாம்.