மாமனாரின் மாத்திரை டின்

(வாசகர் கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: என் மாமனார் புற்றுநோயில் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. அவர் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய மருந்து. சுகர், பிரஷர் மாத்திரைகள், வலிக்குக் கொடுத்த மார்ஃபின், பாதி சிரப், கண் சொட்டு மருந்து எல்லாம் இருக்கின்றன. “காசு போட்டு வாங்கியது, யாருக்காவது கொடுக்கலாம்” என்கிறார் கணவர். டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் விட்டால் என்ன என்பது என் எண்ணம். எது சரி?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. டாய்லெட் விஷயத்தில் மார்ஃபின் மட்டும் விதிவிலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பேப்பரை விரித்து டின்னைக் கவிழுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். ஸ்டிரிப்பில் காலாவதித் தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். “நாலு மாத்திரை போதும்” என்று நாம் கேட்க, கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தருவாரே, அந்தத் துண்டில் பல சமயம் தேதியும் இருக்காது, பாதிப் பெயர்தான் இருக்கும். அவை முதலில் வெளியே போகட்டும். வெள்ளையாக இருக்கிறதே, பாரசிட்டமாலாக இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். மெட்ஃபார்மினும் வெள்ளைதான், அம்லோடிபினும் வெள்ளைதான். 08/2025 என்று போட்டிருந்தால் அந்த ஆகஸ்ட் கடைசி நாள் வரை என்று அர்த்தம். ஆனால் கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், தேதி பாக்கி இருந்தாலும் கழித்துவிடுங்கள். தண்ணீர் கலந்து வைத்த ஆன்டிபயாடிக் சிரப்புக்கு ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான்.

கணவரிடம் சொல்லுங்கள்: மாமனாரின் சுகர் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டால், அது கிளிமிபிரைடு வகையாக இருக்கும்பட்சத்தில், சர்க்கரை தாழ்ந்து அவர் மயங்கி விழலாம். பிரிக்காத முழு ஸ்டிரிப் இருந்தால், பில்லோடு வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். எடுத்தால் எடுப்பார்கள், சண்டை போடாதீர்கள்.

இனி மார்ஃபின். கொடுத்த மருத்துவமனையோ வலி நிவாரண மையமோ திரும்ப வாங்கிக்கொண்டால் அதுதான் முதல் வழி. இல்லையென்றால் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விடுவதே பாதுகாப்பு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படி 17 மருந்துகளின் பட்டியலே இருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸிபம் எல்லாம் அதில் உண்டு. வீட்டில் ஒரு குழந்தை ஒரே ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இந்தச் சலுகை.

மற்றதையெல்லாம் சாக்கடையில் விட்டால், சுத்திகரிப்பு நிலையத்தால் முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆன்டிபயாடிக் நீர்நிலையில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். திடக்கழிவு விதிகளின்படி காலாவதி மருந்தை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். தனிக் கவரில் கட்டி, “இது மருந்து” என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். உங்கள் தெருவில் எல்லாம் ஒரே வண்டியில் போகிறதென்றால், மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, டிகாக்‌ஷன் போட்ட காபிச் சக்கையோடோ மண்ணோடோ பிசைந்து, இறுக்கிக் கட்டிப் போடுங்கள். அப்போது நாயும் கிளறாது, பொறுக்கி எடுத்து யாரும் விற்கவும் முடியாது. காலி பாட்டில் பழைய பேப்பர்காரருக்குப் போகுமுன் லேபிளைக் கிழித்துவிடுங்கள். எதையும் கொளுத்த வேண்டாம். இன்ஹேலர் நெருப்பில் வெடிக்கும்.

கேரளாவில் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ‘என்பிரவுட்’ திட்டத்தில், மிச்ச மருந்தைச் சேகரித்துக் கொச்சிக்கு அனுப்பி எரியூட்டுகிறார்கள். நம் ஊர் மருந்துக் கடை வாசலிலெல்லாம் அப்படி ஒரு பெட்டி வைத்தால், எனக்கு இந்தப் பக்கத்தில் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: மருந்து டப்பாவை ஃப்ரிட்ஜ் மேல்தான் வைக்கிறோம். சரிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: சரியில்லை. பல ஃப்ரிட்ஜ்களின் சூடு மேலே ஏறுகிறது. அடுப்புக்கு மேல் ஷெல்பும் கூடாது. படுக்கையறை அலமாரியின் மேல் தட்டு, குழந்தை கைக்கு எட்டாமல். இன்சுலின் மட்டும் ஃப்ரிட்ஜுக்குள்ளே, ஃப்ரீசரில் அல்ல.

கேள்வி: அலமாரியை ஒழிக்கும்போது பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டால் என்ன செய்வது? அப்பாவின் இன்சுலின் ஊசிகளும் சேர்ந்து கிடக்கின்றன.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உடைந்த உடனே ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பம் போட்டால் பாதரசம் இன்னும் சின்னச் சின்ன உருண்டையாகச் சிதறும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டால் ஒதுக்கி அள்ளி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக்குங்கள். ஊசிகளைக் காலி ஃபினாயில் கேன் போன்ற தடித்த பிளாஸ்டிக்கில் போட்டு மூடி, மேலே ‘ஊசி’ என்று எழுதுங்கள். இரண்டையும் குப்பையோடு கலக்காமல், என்னவென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.