பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கவுன்சிலில் ஒரு பெயர்

கடல் கடக்கும் நர்சுகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, மார்த்தாண்டத்தில் எந்த கோச்சிங் சென்டர் நல்லது என்று கேட்கின்றன. அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது. மற்ற கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். சவுதியிலும் இங்கிலாந்திலும் வார்டில் நின்று வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வக்கீல் என்ற முறையில் அல்ல.

அக்கா, எனக்குச் சொந்த ஊர் பளுகல். பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் படித்து கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் வேலை. சவுதிக்கா இங்கிலாந்துக்கா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக் கோச்சிங்குக்குப் பணம் கட்டலாம் என்றிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயரும் முழுதாக வந்திருக்கிறது. அது சிக்கலாகுமா?
(வாசகி, பளுகல்)

மக்களே, அந்தக் கோச்சிங் பணம் கொஞ்ச நாள் உன் கையிலேயே இருக்கட்டும்.

உன் தாள்களில் மூன்று மாநிலம் இருக்கிறது. வீடு தமிழ்நாடு, படிப்பும் பதிவும் கர்நாடகம், வேலை கேரளம். பளுகலில் குடியிருப்பவளுக்கு எல்லை என்பது பஸ் ஏறினால் தாண்டிவிடுகிற ஒன்று. கவுன்சில்களுக்கு அப்படியில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் டெல்லியில் இருந்துகொண்டு பாடத்திட்டத்தைத்தான் தீர்மானிக்கிறது. பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. கர்நாடகத்தில் பதிவு செய்தவள் கேரளத்தில் வேலை பார்த்தால் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலிலும் பதிவு வேண்டும். நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. அதனால் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். நம் பக்கத்துப் பெண்கள் பலரும் எடுப்பதில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களும் கேட்பதில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தால் எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் வெளிநாட்டுக்காரன் கேட்பான். நீ வேலை பார்த்த காலத்தில் அந்த இடத்தில் உனக்குப் பதிவு இருந்ததா என்பது அவனுக்கு முக்கியம். இப்போதே விண்ணப்பித்துவிடு. கர்நாடக கவுன்சில் உன் பதிவை உறுதி செய்து அனுப்ப வேண்டியிருக்கும், அது இழுக்கும். பழைய தேதி போட்டுப் பதிவு வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் கதவைச் சாத்து. பழைய காலம் கணக்கில் வராமல் போனாலும் பரவாயில்லை. இனி வருவது சுத்தமாக இருக்கட்டும்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனம் உன் ஒவ்வொரு தாளையும் அது பிறந்த இடத்துக்கே எழுதிக் கேட்கும். பட்டம் பெங்களூரில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும், பதிவு கவுன்சிலுக்குப் போகும், அனுபவம் ஆஸ்பத்திரிக்குப் போகும். பல்கலைக்கழகம் மெதுவாகவாவது பதில் சொல்லிவிடும். மாட்டிக்கொள்வது சின்ன ஆஸ்பத்திரியில்தான். லெட்டர்பேடில் உள்ள ஈமெயில் டாக்டரின் மருமகன் எப்போதோ தொடங்கியதாக இருக்கும், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. லேண்ட்லைன் எப்போதோ செத்திருக்கும். டேட்டாஃப்ளோ கேட்டுக் கேட்டு ஓய்ந்து, உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதிவிடும். ஆகவே சான்றிதழ் வாங்கப் போகும் அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து, இந்த மெயிலை யார் பார்க்கிறார்கள், பதில் போடுவது யார் என்று பெயரோடு கேட்டுக்கொள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, சம்பளம் ஏறிய பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வை. கையில் சம்பளம் வாங்குகிறாய் என்றால் அடுத்த மாதத்திலிருந்து பாங்கில் போடச் சொல்.

பார்க்காத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் விற்பவர்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. பொய் என்று ஒருமுறை அறிக்கை எழுதப்பட்டால் அடுத்து எந்த நாட்டுக்குப் போனாலும் அது உனக்கு முன்னால் போய் நிற்கும்.

சரி, பெயருக்கு வருவோம். நம்மிடம் இனிஷியல், பாஸ்போர்ட்காரனிடம் சர்நேம். பத்தாம் வகுப்பில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, கல்லூரியில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். இங்கே இது எவருக்கும் ஒரு பொருட்டே இல்லை. அங்கே கம்ப்யூட்டருக்கு நீ நாலு பேர். பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்துக்கொள். கேரளத்துக்காரர்களுக்கு வில்லேஜ் ஆபீசில் இருவரும் ஒருவரே என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். உன் வீடு தமிழ்நாட்டில் என்பதால் அங்கே போய் நிற்காதே. நோட்டரி முன்னால் அஃபிடவிட், அது போதாது என்றால் அரசிதழில் பெயர் அறிவிப்பு. கேரளத்தில் புதிதாகப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல். கணவர் பெயரைச் சேர்க்கும் ஆசை இருந்தால் பதிவெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கோச்சிங்குக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓ.இ.டி. மார்க்குக்கு இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலிடம் இரண்டு வருடம்தான் ஆயுள். படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் பி, எழுதுவதில் சி பிளஸ் வாங்க வேண்டும். கஷ்டப்பட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பெங்களூர் தாளுக்கும் ஆஸ்பத்திரி மெயிலுக்கும் காத்திருந்தே மார்க் காலாவதியாகி, இரண்டாம் முறை பணம் கட்டினவர்களை எனக்குத் தெரியும்.

சவுதியா இங்கிலாந்தா என்றால், கையில் இருக்கும் பணத்தையும் வீட்டு நிலைமையையும் பார்த்து நீதான் சொல்ல வேண்டும். சவுதிக்கு டேட்டாஃப்ளோவும், நர்ஸ் லைசென்சுக்கான ப்ரோமெட்ரிக் தேர்வும். பி.எஸ்சி. என்பதால் உன்னை ஸ்பெஷலிஸ்ட் வகையில் சேர்ப்பார்கள், டிப்ளமோக்காரர்கள் டெக்னீஷியன். ஒன்று கவனி: சவுதி உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக, ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இ-மைக்ரேட் என்கிற மத்திய அரசுத் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வேண்டும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிற பேச்சைக் கேட்காதே.

இங்கிலாந்துக்கு இரண்டு தேர்வு. முதலாவது சி.பி.டி., கம்ப்யூட்டர் தேர்வு, இந்தியாவிலேயே எழுதலாம். அதில் கணக்கு தனிப் பகுதி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், 400 மில்லிகிராம் தர வேண்டும், எத்தனை மில்லி? 8. எட்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஏற வேண்டும், மணிக்கு எவ்வளவு? 125. ஐ.சி.யு.வில் பம்பைத் தட்டிப் பழகிய கைக்கு இது மறந்துபோயிருக்கும், பேப்பரில் போட்டுப் பார்.

இரண்டாவது ஓஸ்கி, அங்கே போய்ச் செய்முறையாகச் செய்து காட்டுவது. பத்து ஸ்டேஷன், அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, கட்டணம் 794 பவுண்டு. பல அரசு மருத்துவமனைகள் அதைத் தாங்களே கட்டிவிடும் அல்லது திருப்பித் தந்துவிடும். நம் ஆட்கள் இதில் விழுவது அறிவு போதாமல் இல்லை, வாய் திறக்காமல். மருந்து கொடுக்கும் ஸ்டேஷனை எடுத்துக்கொள். உள்ளே போனதும் கை கழுவ வேண்டும். என் பெயர் இது, நான் நர்ஸ் என்று சொல்ல வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் நோயாளி வாயாலேயே கேட்டு, கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும், சார்ட்டில் அந்தக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாத்திரை. சார்ட்டில் பென்சிலின் ஒவ்வாமை என்று இருக்கும், கீழே அமாக்சிசிலின் எழுதியிருக்கும். அதைக் கொடுக்காமல், ஏன் கொடுக்கவில்லை என்று எழுதி, டாக்டரிடம் சொல்கிறேன் என்று சத்தமாகச் சொன்னால்தான் மார்க். மனசுக்குள் சரிபார்த்தது கணக்கில் வராது. நம் ஊர் வார்டில் ஒரு டிரேயைத் தூக்கிக்கொண்டு முப்பது கட்டிலுக்கு ஓடுகிறவளுக்கு இது நாடகம் மாதிரி இருக்கும். அந்த நாடகத்தை இப்போதே உன் ஐ.சி.யு.வில் தினமும் போடு. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. இங்கே கண்ணை மூடிக்கொண்டு வெய்ன் எடுப்பாய். அங்கே பல மருத்துவமனைகளில், அவர்களே பயிற்சி கொடுத்துக் கையெழுத்துப் போடும் வரை கேனுலா என்கிற ஊசிக்குழாயைப் போட விடமாட்டார்கள். மனசு நொந்துகொள்ளாதே. 2024-க்குப் பிறகு இங்கிலாந்து முன்பு போல அள்ளிக்கொண்டு போவதும் இல்லை, அதையும் யோசித்துக்கொள்.

சிஸ்டர், நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மகள் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். நோர்க்கா வழியாக ஜெர்மனிக்குச் செலவில்லாமல் போகலாம் என்று பாறசாலையில் உள்ள மச்சினன் சொல்கிறார். இங்கே ஒரு ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். இருக்கிற பத்து சென்ட்டை வைத்துப் பணம் புரட்டலாமா?
(வாசகர், அருமனை)

அண்ணே, பத்து சென்ட்டைத் தொடாதீங்க.

மச்சினன் சொல்வது அவர் பிள்ளைகளுக்குச் சரி. நோர்க்கா ரூட்ஸ் கேரள அரசின் நிறுவனம். 2021 டிசம்பரில் ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டு, டிரிபிள் வின் என்கிற திட்டத்தில் நர்சுகளை அனுப்புகிறது, மொழிப் பயிற்சி உட்பட. ஆனால் அது கேரளத்தவருக்கு. அருமனை ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு நம் அரசுத் தரப்பில் இருப்பது சென்னையில் உள்ள ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன், 1978-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதன் அறிவிப்புகளை மகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள். மச்சினன் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம்.

தனியார் ஏஜென்ட் என்றால் முதலில் அரசு லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். லைசென்ஸ் உள்ளவர் வேலைக்கு அனுப்புவதற்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மீதி மூன்று லட்சத்துக்கு மேல் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். மொழி வகுப்புக்கு என்பார். அப்படியானால் எந்த நிலை வரை, தேர்வில் தோற்றால் என்ன, பாதியில் நிறுத்தினால் என்ன என்பதும் எழுத்தில் வேண்டும். எழுதித் தரமாட்டார், அதோடு உங்களுக்குப் பதிலும் கிடைத்துவிடும்.

ஜெர்மனியில் மகளுடைய பட்டத்தை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அலுவலகம், அங்கே அவள் படித்த பாடத்தையும் மணி நேரத்தையும் தங்கள் படிப்போடு வைத்துப் பார்த்து, இன்னின்னது குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதை ஈடுகட்ட ஒரு பயிற்சிக் காலம் முடிக்க வேண்டும், அல்லது ஒரு தேர்வு எழுத வேண்டும். அது முடியும் வரை உதவியாளர் வேலை, சம்பளமும் குறைவு. ஆகவே கல்லூரியை விட்டு வரும்போதே தியரி எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று பாடவாரியாக உள்ள டிரான்ஸ்கிரிப்டை வாங்கிவிடச் சொல்லுங்கள். பிறகு போனால் அலைய விடுவார்கள்.

மொழி பி-2 வரை வர வேண்டும். முதல் நிலையான ஏ-1-ஐ இப்போதே தொடங்கலாம், அதற்கு லட்சம் தேவையில்லை. திருவனந்தபுரத்தில் கோத்தே சென்டர் இருக்கிறது, அருமனையிலிருந்து அது சென்னையை விடப் பக்கம்.

மகளிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். இங்கே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் நோயாளியோடு கூட இருக்கும் பைஸ்டாண்டர் பார்த்துக்கொள்வார். ஜெர்மனியில் பைஸ்டாண்டர் கிடையாது, அது நர்சின் வேலை. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறாள் என்றால் ஜெர்மன் வகுப்பில் போடும் காசு வீண்.

மேடம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் கேர் அசிஸ்டென்ட் விசா, 12 லட்சம், போன பிறகு நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள். போகலாமா?
(வாசகி, நித்திரவிளை)

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி மூடப்பட்டுவிட்டது. இல்லாத கதவுக்கு உன்னிடம் சாவி விற்கிறார்கள். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் வைத்துக்கொண்டு போலீசில் எழுதிக் கொடு. ஜி.என்.எம். வைத்தே இங்கிலாந்தில் நேராக நர்ஸ் பதிவுக்குப் போகலாம், வழி பளுகல்காரிக்குச் சொன்னதுதான்.

அக்கா, ஓமானில் ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். ஆண் நர்ஸ். வயது 34. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதலாமா, ஆஸ்திரேலியா போகலாமா?
(வாசகர், கொல்லங்கோடு, இப்போது மஸ்கட்)

தம்பி, ஒரே தேர்வு இரண்டுக்கும் உதவும். அமெரிக்காவில் என்கிளெக்ஸ் ஜெயித்தாலும் கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்கு வருடக் கணக்கில் காத்திருப்பு. ஆஸ்திரேலியாவில் நம் படிப்புக்கு என்கிளெக்ஸ், அதற்குப் பிறகு அங்கே போய் ஓஸ்கி. 2025 ஏப்ரல் முதல் தேர்வில்லாத ஒரு குறுக்கு வழியும் திறந்திருக்கிறார்கள், ஆனால் அது இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளில் பதிவு செய்து 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு. வளைகுடா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உனக்கு என்கிளெக்ஸ்தான்.

2023-இல் தேர்வு முறை மாறிவிட்டது, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அடுத்தடுத்து முடிவெடுக்கச் சொல்வார்கள். பழைய கேள்வி வங்கியை நண்பர்கள் பென்டிரைவில் தந்தால் அதை நம்பி உட்காராதே. சென்னையில் மையம் இருக்கிறது. லீவில் வரும்போது முதலில் எழுதிவிட்டு அப்புறம் கொல்லங்கோட்டுக்கு பஸ் ஏறு. வீட்டில் இருந்து படித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் லீவு முழுக்கக் கல்யாணமும் பால்காய்ச்சும் என்றே போய்விடும்.