மதுரைக்கும் கொழும்புக்கும் நடுவே: நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குக்கான காகித வேலை பார்க்கிறேன், வீடு மதுரை திருநகரில். கொழும்புக்குப் போகிற கன்டெய்னர்கள்தான் என் தினசரிப் பிழைப்பு. இந்தியா இலங்கை உறவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. பலருக்கும் பயன்படக்கூடியதை எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, விஜயன் பாண்டிய இளவரசியைக் கட்டினான் என்ற கதையைத் தவிர மதுரைக்கும் இலங்கைக்கும் உண்மையிலேயே என்ன தொடர்பு? (கல்லூரி மாணவி, ஒத்தக்கடை)

இலங்கையின் முதல் அரசன் என்று சொல்லப்படும் விஜயனின் கதை, அந்நாட்டின் பழைய நூலான மகாவம்சத்தில் வருவது, அதைப் பழங்கதையாகவே வைத்துக்கொள்ளலாம். அதைவிட உறுதியான செய்திகள் இருக்கின்றன தங்கச்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படை ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் இலங்கையின் யாப்பகூவ கோட்டையைப் பிடித்து, புத்தரின் புனிதப் பல்லை இங்கே கொண்டுவந்துவிட்டது. இலங்கை அரசனுக்கு அந்தப் பல் இல்லாவிட்டால் ஆட்சிக்கே மதிப்பில்லை. மூன்றாம் பராக்கிரமபாகு என்ன செய்தான் தெரியுமா? படை திரட்டவில்லை. தானே பாண்டியன் அவைக்கு வந்து, பேசி, பல்லை வாங்கிக்கொண்டு போனான். இன்று கண்டி தலதா மாளிகையில் உலகமே வரிசையில் நின்று வணங்குகிற பொருள் ஒரு காலத்தில் பாண்டியன் கையில் இருந்தது, பேச்சுவார்த்தையால் திரும்பிப் போனது. இரண்டு நாட்டு நட்பைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் கண்டி நாயக்கர்கள். கண்டி ராஜாக்கள் பட்டத்து ராணியை மதுரை நாயக்கர் வழியில் எடுப்பது வழக்கமாக இருந்தது. 1739இல் வாரிசு இல்லாமல் ராஜா இறந்ததும் ராணியின் தம்பியே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அவரையும் சேர்த்து அந்த வம்சத்தில் நான்கு பேர் ஆண்டார்கள். அதில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்கே மறுவாழ்வு கொடுத்தார்கள். மதுரை வழி வந்த ராஜா செய்த வேலை அது! கடைசி ராஜாவை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். அவர் சமாதி இன்றும் பாலாற்றங்கரையில் முத்துமண்டபமாக இருக்கிறது. வேலூர் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வா.

சார், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். கொழும்பு புறக்கோட்டையில் ஒருவர் சரக்குக் கேட்கிறார். ஒப்பந்தம் இருப்பதால் வரியே கிடையாது என்கிறார்களே, நிஜமா? (விளக்குத்தூண்)

பாதி நிஜம். இரண்டு நாட்டுக்கும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாடும் 'இந்தப் பொருளுக்கெல்லாம் சலுகை கிடையாது' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் சரக்கு அதில் இருந்தால் எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும் முழு வரிதான். அதனால் விலை பேசுவதற்கு முன்னாடியே எச்.எஸ். கோடை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, சரியாகப் பிடியுங்கள். சேலை தைக்காத துணி, பருத்தி என்றால் 52ஆம் அத்தியாயத்தில் வரும். அதே சுங்குடியைச் சுடிதாராகத் தைத்து அனுப்பினால் 62க்குப் போய்விடும். கோடு மாறினால் வரியும் மாறும்.

சலுகை உண்டு என்று தெரிந்தால் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின், அதாவது சரக்கு இந்தியாவில் உருவானது என்ற சான்றிதழ், எடுக்க வேண்டும். விண்ணப்பமெல்லாம் ஆன்லைனில்தான். பொதுவான விதிப்படி உள்நாட்டு மதிப்புக் கூட்டல் 35 சதவீதம் இருக்கணும். நூலும் நம்மூர், சாயமும் நம்மூர், முடிச்சுப் போடும் கையும் நம்மூர் என்றால் அது உங்களுக்குக் கவலையே இல்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இன்வாய்ஸில் ஒரு எச்.எஸ். கோடு, சான்றிதழில் இன்னொன்று, பேக்கிங் லிஸ்ட்டில் உருப்படிக் கணக்கு வேறு. கொழும்பு சுங்கத்தில் அதைப் பார்த்தால் சலுகையைத் தள்ளிவிடுவார்கள், சரக்கு நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

விமானத்தில் வருகிற ஆள் கையில் மூட்டையாகக் கொடுத்தனுப்புகிற பழக்கம் வேண்டாம். விற்பனைச் சரக்கைப் பயணியின் பெட்டியில் மறைத்து அனுப்பினால் பறிமுதல் ஆகும். இன்னொன்று, 2022இல் அங்கே டாலர் தீர்ந்தபோது நம் வியாபாரிகள் பலருக்குப் பணம் மாதக்கணக்கில் முடங்கியது. முதல் சரக்குக்கு முன்பணம் வாங்குங்கள், இல்லாவிட்டால் எல்.சி. (வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம்) கேளுங்கள், பணம் வராமல் போனால் கைகொடுக்கும் இ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நம்ம மீனவர்களைப் பிடித்து ஜெயிலில் போடுகிற நாட்டுக்கு நாம் எதுக்கு உதவணும்? (மேலூர்)

கோபம் நியாயம் தம்பி. படகைப் பறிகொடுத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் எதிர்க்கரையில் வலை விரிப்பது யார் என்று பாருங்கள். யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்கள். போர்க்காலம் முழுக்கக் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவர்கள் வலையைக் கிழிக்கிறது, அடிமண்ணோடு குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் சட்டம் போட்டே இழுவைமடியைத் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு இங்கேயும் விசைப்படகை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற ஒரு திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய் படகில் 70 சதவீதம் அரசு மானியம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாக் நீரிணையில் ஒருநாள் தொழில் பார்த்துப் பழகியவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது வேறு வாழ்க்கை. மாறியவர்கள் குறைவு. பயிற்சியும் சந்தையும் சேர்த்துக் கொடுக்காமல் மானியம் மட்டும் கொடுத்தால் இது தீராது என்பது என் கருத்து.

2022இல் உதவியதைக் கேட்டால், சரியாகத்தான் செய்தோம். மத்திய அரசு சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் எரிபொருளும் கொடுத்தது. தமிழ்நாடு தன் பங்காக 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து அனுப்பியது. அதில் ஒரு கப்பல் நம் தூத்துக்குடியிலிருந்தே கிளம்பியது. பசித்தவன் சிங்களவனா தமிழனா என்று மூட்டையில் எழுதவில்லை.

மதுரையிலிருந்து இலங்கைக்குக் கரண்ட் போகப் போகிறதாமே? (திருமங்கலம்)

யோசனை பழசு. மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்குக் கடலடிக் கேபிள் போடலாம் என்று 2010லேயே பேச்சு நடந்தது. 2025 ஏப்ரலில் மின்கட்டமைப்பை இணைப்பதற்குப் புதிதாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இலங்கையின் கட்டமைப்பு தனித்தீவு. 2025 பிப்ரவரியில் ஒரே கோளாறில் நாடு முழுக்க இருட்டானது. கேபிள் வந்தால் தட்டுப்பாட்டில் நாம் கொடுக்கலாம், அங்கே காற்றும் வெயிலும் மிஞ்சும்போது நாம் வாங்கலாம். கையெழுத்தோடு நிற்காமல் வேலை நடக்கணும்.

ஐயா, என் அப்பத்தா அட்டன் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், 70களில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டார். இதெல்லாம் எந்த நட்பில் சேர்த்தி? (உசிலம்பட்டி)

நீங்கள் கேட்பதில் உள்ள வலி புரிகிறது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கமிருந்து போனவர்கள்தான் இலங்கையின் மலையகத்தை வெட்டித் தோட்டமாக்கினார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்ததில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948இல் இலங்கை அரசு அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அரசும் கைகுலுக்கியதற்கு விலை கொடுத்தது உங்கள் அப்பத்தா மாதிரியானவர்கள். இந்தியா இப்போது மலையகத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கிறது, டிக்கோயாவில் மருத்துவமனையும் கட்டியிருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கணக்குக்கு அது ஆரம்பம் மட்டும்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் திரும்ப வருமா? இப்போதைக்கு எப்படிப் போவது? (பரமக்குடி)

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போக முடிந்தது. ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். கடலில் சுமார் 35 கிலோமீட்டர்தான். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 80களில் போரால் நின்றது. இன்று தலைமன்னார் வரை அங்கே ரயில் வருகிறது, ஒரு இந்தியக் கம்பெனிதான் அந்தத் தடத்தை மறுபடி போட்டுக் கொடுத்தது. இந்தப் பக்கம் புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. நடுவில் படகு மட்டும்தான் இல்லை. 2024 டிசம்பர் கூட்டறிக்கையில் அதைச் சீக்கிரம் தொடங்க முயற்சி எடுப்பதாக இரண்டு அரசும் சொல்லியிருக்கின்றன. என்னைக் கேட்டால் எந்தப் பெரிய திட்டத்துக்கும் முன்னால் இதைத்தான் முடிக்கணும், சாதாரண ஜனம் குறைந்த காசில் போய்வந்தால்தான் மற்றதெல்லாம் நிலைக்கும்.

இப்போதைக்கு இரண்டு வழி. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு மணி நேரம்தான். இல்லாவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல், சுமார் நான்கு மணி நேரம், இறங்கினால் யாழ்ப்பாணம் பக்கம். எதில் போனாலும் பாஸ்போர்ட்டும், ஆன்லைனில் எடுக்கக்கூடிய இ.டி.ஏ. என்ற இலங்கைப் பயண அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்துவார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பி லீவு போடாதீர்கள்.