சின்ன வாட்ச், சரியான கருவி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தருமபுரியில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய, சாவி கொடுக்கும் லேடீஸ் வாட்ச்களையும் சிலர் கொண்டுவருகிறார்கள். இதற்கென ஒரு பெட்டி நிறையக் கருவிகள் வாங்கினேன். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, மிஷினில் கீறல் விழுகிறது. இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், கைப்பேசி வேலைக்காக வைத்திருக்கும் காந்தம் ஏற்றிய ஸ்க்ரூ டிரைவர்களையும், திருகுகள் உருளாமல் பிடித்துவைக்கும் காந்த விரிப்பையும் வாட்ச் மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள். கைப்பேசிக்கு உதவும் அந்தக் காந்தம், வாட்ச்சின் ஓட்டத்தை ஒழுங்காக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்குக்குப் பகை. காந்தம் ஏறி ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டால், சுருளின் இயங்கும் நீளம் குறைந்து, கடிகாரம் நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். உங்கள் ட்வீசரின் (சிறு இடுக்கியின்) முனை ஒரு சிறு திருகை ஒட்டித் தூக்கினால் அதிலும் காந்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். காந்தம் நீக்கும் சிறிய மின்கருவி அதிக விலையில்லை. உங்களைப் போல இரண்டு வேலையையும் ஒரே கடையில் செய்பவருக்கு அது கட்டாயம் தேவை.

வழுக்கலுக்கு வருவோம். பெரிய பெட்டிகளில் வரும் ஸ்க்ரூ டிரைவர்களின் முனை பெரும்பாலும் ஆப்பு வடிவில் இருக்கும். அது திருகின் வெட்டில் மேல் விளிம்பை மட்டும் தொட்டு நிற்பதால், திருப்பியவுடன் ஏறி வெளியே வந்துவிடுகிறது. முனை வெட்டின் அடித்தளம் வரை இறங்க வேண்டும். அகலத்தில் திருகின் தலையைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். லேடீஸ் வாட்ச்சுக்கு 0.6, 0.8, 1.0 மி.மீ. முனைகளே பெரும்பாலும் போதும். புதிதாக வாங்கியதையும் எண்ணெய்க்கல்லில் இருபுறமும் சமமாகத் தேய்த்து, வெட்டின் அகலத்துக்குப் பொருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். இந்தத் தேய்ப்பைப் பழகாதவரிடம் ஸ்விட்சர்லாந்துக் கருவியைக் கொடுத்தாலும் கீறல்தான் விழும். முப்பது கருவிகள் உள்ள பெட்டியைவிட, ஒழுங்காகத் தீட்டிய மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள் மேல் என்பது என் உறுதியான கருத்து.

ட்வீசரில் பொது வேலைக்கு 3-ஆம் எண், ஹேர்ஸ்பிரிங்குக்கு மட்டும் ஊசி முனையுள்ள 5-ஆம் எண் என இரண்டு போதும். 5-ஆம் எண்ணால் திருகை எடுத்தால் முனை வளைந்து, பிறகு அது எதற்கும் ஆகாது. சால்டரிங் வேலையில் பட்ட ட்வீசரை இங்கே கொண்டுவராதீர்கள். கண்லென்ஸில், வாட்ச்சைப் பிரித்துக் கோக்க 3 அல்லது 4 மடங்கு பெரிதாக்குவது ஒன்றும், கற்களையும் (சக்கர அச்சுகளைத் தாங்கும் சிறு கற்கள்) அச்சு முனைகளையும் சோதிக்க 10 மடங்கு ஒன்றும் வேண்டும். 10 மடங்கு லென்ஸில் பொருள் கண்ணுக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. நெருக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், அதை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க இடமிருக்காது.

மிஷினைப் பிடிக்கும் ஹோல்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிஷினின் அளவு ‘லீன்’ கணக்கில் சொல்லப்படும்; ஒரு லீன் 2.256 மி.மீ. ஆண்களின் வாட்ச்சில் பரவலாகக் காணப்படும் 11½ லீன் ஏறத்தாழ 26 மி.மீ. ஆகும்; லேடீஸ் மிஷின் ஒன்றின் குறுகிய பக்கமோ 5½ லீன், அதாவது 12.4 மி.மீ. மட்டுமே இருக்கலாம். அந்த அளவுக்குத் தாடைகள் நெருங்குகின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து ஹோல்டரை வாங்குங்கள்.

கேள்வி: சொந்தமாக ஆர்வத்தில் வாட்ச் வேலை பழக விரும்புகிறேன். அம்மாவின் சிறிய தங்கமுலாம் வாட்ச்சிலேயே தொடங்கலாமா? ஓசூரில் டைட்டன் ஆலை இருப்பதால், அங்கே வேலை பார்த்தவர்களிடம் கற்பது நல்லதா?
– வாசகி, பர்கூர்

பதில்: அம்மாவின் வாட்ச்சைப் பீரோவிலேயே வையுங்கள். டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனால் நம் மாவட்டத்தில் நேர்த்தியாகப் பொருத்தும் கைகள் பெருகியது உண்மைதான். எனினும், புதிய பாகங்களைப் பொருத்துவது வேறு, தேய்ந்த பாகம் எது என்று கண்டுபிடிப்பது வேறு. பின்னதைப் பழைய ரிப்பேர் கடையில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

பழகுவதற்கு ஹெச்.எம்.டி. ஜனதா போன்ற, சாவி கொடுக்கும் 17 கல் வாட்ச் நல்லது. சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. அவை நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடப்பதால், உதிரிபாகத்துக்கு உடைந்த வாட்ச்சும் எளிதில் அகப்படும். ஓடாத வாட்ச்சை வாங்காமல் ஓடுகிற வாட்ச்சையே வாங்குங்கள். பிரித்துக் கோத்த பின் நின்றுபோனால், கோளாறு எங்கிருந்து வந்தது என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருக்காது.

வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்காமல் எதையும் கழற்றாதீர்கள். சாவியை (பக்கவாட்டுக் குமிழை) பிடித்துக்கொண்டு, முறுக்கு அவிழாமல் தடுக்கும் கிளிக்கை ஒதுக்கி, மெதுவாகச் சுழலவிட வேண்டும். முறுக்கு இருக்கும்போதே சக்கரங்களை நிறுத்தி நிறுத்தி ஓடவிடும் பாலட்டின் பிரிட்ஜை (மேலிருந்து தாங்கும் தகட்டை) கழற்றினால் சக்கரங்கள் வெறிகொண்டு சுழன்று, அச்சு முனைகள் கெடும். திரும்பக் கோக்கும்போது எல்லா அச்சுகளும் தத்தம் கல்லில் இறங்கி, பிரிட்ஜ் தானாகப் படிந்து, சக்கரங்கள் தடையின்றி ஓடுகின்றன என்பதைப் பார்த்த பிறகே திருகை இறுக்க வேண்டும். படியாத பிரிட்ஜைத் திருகால் இறுக்கிப் படியவைக்க முயல்வதில்தான் புதியவர்கள் அச்சுகளை உடைக்கிறார்கள். இந்த ஒரு வேலை பதற்றமில்லாமல் கைவந்த பிறகு லேடீஸ் வாட்ச்சைத் தொடலாம்.

கேள்வி: சிறிய குவார்ட்ஸ் வாட்ச்சில் பேட்டரி மாற்றினேன். பின்மூடி திரும்ப மூடவில்லை. அழுத்தியதில் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது. ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மூடியின் விளிம்பில் சாவித்தண்டுக்காக ஒரு சிறு வெட்டு இருக்கும், அது சாவிக்கு நேராக வராவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மூடாது. நேராக இருந்தும் விரலால் மூடவில்லையென்றால், மூடி அழுத்தும் பிரஸ்ஸைப் பயன்படுத்துங்கள். ஆனால் கீழே வைக்கும் கட்டை கண்ணாடியைத் தொடாமல், கேஸின் விளிம்பைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். அடுத்த முறை பேட்டரியை பிளாஸ்டிக் ட்வீசரால் எடுங்கள்; உலோக ட்வீசர் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் புதிய பேட்டரியும் வீணாகும்.