மாமி இல்லாத முதல் நத்தார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மன்னாரிலிருந்து நுவரெலியாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருடமாகிறது. மாமி இந்தத் தவக்காலத்தில் தவறிவிட்டார். அவர் இல்லாத முதல் நத்தார் வருகிறது. 25ஆம் திகதி வீட்டில் பதினான்கு பேர் சாப்பிடுவார்கள். காலையில் இட்லியும் கோழிக்குழம்பும், மத்தியானம் மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கஜுக் கறி, கட்லட், கடைசியில் வட்டிலப்பம். இதில் ஒன்று குறைந்தாலும் இந்த வீட்டில் அது நத்தார் இல்லை.

போன வருடம் மாமி படுக்கையில் இருந்ததால் நான் சமைத்தேன். ஊரில் சமைக்கிற அதே கணக்குத்தான். மா பொங்கவில்லை, இட்லி கல்லாக வந்தது. இறைச்சி நாரைப்போல இழுபட்டது, கறி திரிந்துவிட்டது. "அம்மா வச்ச மாதிரி இல்ல" என்று மச்சாள் எல்லார் முன்னாலும் சொன்னார். கணவர் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த வருடமும் அதே சாப்பாடுதான் வேண்டும் என்கிறார் மச்சாள். கொழும்பிலிருக்கும் கொழுந்தனோ கடையில் ஓடர் கொடுத்துவிடலாம் என்கிறார். எங்கள் வீட்டு இறால் பிரட்டலும் மேசையில் ஓர் ஓரமாக இருந்தால் நல்லது என்று எனக்கு ஆசை. சொல்லத்தான் பயம். மார்கழி நெருங்க நெருங்கத் தூக்கமும் போய்விட்டது.

— ஒரு மருமகள், நுவரெலியா

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கறியைப் பற்றிப் பேசிவிடுவோம். ஒரு வருடமாக அதை உங்கள் கைக்குறை என்று சுமக்கிறீர்கள். மன்னார் கடலோடு ஒட்டிய ஊர், நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சட்டி தளதளவென்று கொதிக்கும், ஆனால் உள்ளே இருக்கிற இறைச்சிக்குப் போதிய சூடு கிடைக்காது. ஊரில் ஒன்றரை மணித்தியாலத்தில் வேகிற ஆட்டிறைச்சி இங்கே இரண்டைத் தாண்டும். நெருப்பைக் கூட்டினால் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அந்தக் கொதியில் தேங்காய்ப்பாலை ஊற்றினால் திரிந்து எண்ணெய் மிதக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். மாமிக்கு இது வருடக்கணக்கான பழக்கம், யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆகவே இறைச்சியை 24ஆம் திகதி காலையிலேயே வேகவையுங்கள். பதினான்கு பேருக்கு எலும்போடு இரண்டரைக் கிலோ போதும். பிரஷர் குக்கர் என்றால் ஊரில் 25 நிமிடம் வைப்பதை இங்கே 30 ஆக்குங்கள். தூள், றம்பை, கறுவாப்பட்டை, இரண்டாம் பால் எல்லாம் அன்றே போடலாம். முதற்பால் மட்டும் வேண்டாம். ஆறியதும், இரண்டு மணித்தியாலம் கடக்குமுன், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்க விட்டு, நெருப்பைக் குறைத்து, முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் குமிழி எழும்பியதும் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். ஒரு நாள் ஊறிய இறைச்சிக்கு ருசியும் கூடும்.

இட்லியில் பிழைத்தது குளிர். மார்கழி இரவில் குசினி மேசையில் வைத்த மா பொங்காது. 24ஆம் திகதி காலையில் இளஞ்சூடான தண்ணீர் விட்டு அரைத்து, பானையை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி, கம்பளியால் சுற்றி அடுப்போரம் வையுங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெந்நீரை மாற்றவேண்டும். நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. இவ்வளவு பாடு வேண்டாம் என்று நினைத்தால் இடியப்பம் அவியுங்கள், கோழிக்குழம்புக்கு அதுவும் நன்றாகச் சேரும்.

இனி மச்சாள். அவர் சொன்ன விதம் பிழை, நீங்கள் வேதனைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாய் பக்கத்து அறையில் நோயாகக் கிடக்கும்போது வந்த வார்த்தை அது. கறியை விட, தாய் போகப்போகிறார் என்ற பயம்தான் அதில் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இந்த வருடம் அதே சாப்பாட்டைப் பிடிவாதமாகக் கேட்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் நீங்கள் ஒருத்தியாகச் சமைத்துக் காட்டவேண்டும் என்பதில்லை.

திருவருகைக் காலம் தொடங்குமுன் நீங்களே தொலைபேசி எடுங்கள். கணவர் மூலம் சொல்லியனுப்பினால் வார்த்தை மாறும். "மச்சாள், மாமிட வட்டிலப்பம் உங்கட கையால இருந்தாத்தான் சரி. 24ஆம் திகதி மத்தியானமே வாங்க" என்று கேளுங்கள். கித்துள் கருப்பட்டி அரைக்கிலோ, முட்டை பத்து, கெட்டிப்பால் இரண்டு கோப்பை, ஏலக்காய் எல்லாம் எடுத்து வையுங்கள். அவர் குசினிக்குள் வந்ததும் நீங்கள் வெளியே போய் வேறு வேலை பாருங்கள். பக்கத்தில் நின்று திருத்தவேண்டாம். நெருப்பு கூடினால் வட்டிலப்பத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் விடும், இந்த உயரத்தில் அவியவும் நேரமெடுக்கும் என்பதை மட்டும் முன்னரே சொல்லிவிடுங்கள். அவர் அழக்கூடும். அழட்டும்.

கொழுந்தனின் யோசனையை முழுதாகத் தள்ளவேண்டாம். கட்லட்டைக் கடையில் வாங்கி வரும் பொறுப்பு அவருடையது. கஜுவை 24ஆம் திகதி இரவே ஊறவைக்கிற வேலை கணவருடையது. அவரிடம் இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: மேசையில் யாராவது போன வருடம் போலப் பேசினால், "இத நாங்க எல்லாரும் சேந்து செஞ்சம்" என்று அவர் வாய் திறந்து சொல்லவேண்டும். இந்த வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தால் மறுபடியும் குனிந்துவிடுவார்.

பண்டிகை முடிந்த பிறகும் தூக்கம் திரும்பாவிட்டால் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.

இறால் பிரட்டலுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். "இந்த முறை எங்கட வீட்டுக் கறி ஒண்டும் இருக்கு" என்று மச்சாளிடம் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். மற்ற எந்தக் கறியையும் மாற்றாமல் இது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். துப்புரவாக்கிய இறால் ஒரு கிலோ, முதலே உறையவைத்து, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வரட்டும். மசாலாவை முன்னரே வதக்கி வைத்து, எல்லாரும் மேசைக்கு வந்த பிறகு இறாலைப் போடுங்கள். சுருண்டு சிவந்ததும் இறக்கிவிடவேண்டும், நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் ரப்பராகிவிடும். ஊரில் அம்மாவிடம் இந்த வாரமே சொல்லி வைத்துவிடுங்கள், நத்தார் நெருங்கினால் இறால் விலை ஏறிவிடும்.