கோசுமெலில் 7 மணி நேரம்: துலும் வேண்டாம்

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் உங்கள் உல்லாசக் கப்பல் காலை 9 முதல் மாலை 4 வரைதான் நிற்கும், அம்மாவோடு எதிர்க்கரையில் இருக்கும் துலும் மாயா இடிபாடுகளுக்குப் போய்விட்டுக் கடைவீதியும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துலுமை விட்டுவிடுங்கள். படகில் எதிர்க்கரை ஊரான பிளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து சாலையில் இன்னும் ஒரு மணி நேரம், திரும்பி வரவும் அதே. அம்மா களைத்துப்போவார், கப்பலைத் தவறவிடும் பயம் வேறு. பதிலாகத் தீவின் உள்ளேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ இடிபாடுகளுக்குப் போங்கள், இஷ்செல் தெய்வத்தை வணங்க மாயா பெண்கள் கடல் தாண்டி வந்த இடம், மரங்களுக்கு நடுவே நடக்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது. டாக்சியில் மீட்டர் கிடையாது, போக, காத்திருக்க, திரும்ப மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம் தீவின் ஊரான சான் மிகெலின் கடைவீதி. கப்பல்துறை வளாகத்திலேயே வாங்கிவிடாதீர்கள், கடலோரச் சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போய் விலை கேளுங்கள். வெள்ளி என்றால் 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும் 925 முத்திரை இருக்கிறதா பாருங்கள். கருப்புப் பவளம் வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் சுங்கத்தில் சிக்கல் வரலாம். முக்கியமாக, கோடையில் தீவு நேரம் ஃபுளோரிடா நேரத்துக்கு ஒரு மணி பின்னால் இருக்கும், ஃபுளோரிடாவிலிருந்து வரும் கப்பல் அந்த ஊர் நேரத்திலேயே இருக்கலாம், ஆனால் கைப்பேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும், அதனால் கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள்.